கெளுத்தி முள்ளும் வெந்நீர் பிளாஸ்க்கும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது மறந்துவிட்ட ஓரிரண்டு விஷயங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



செகரெட்டரி சார் போன் பண்ணி, "பத்து நிமிஷம் தூண்டில் பத்திப் பேசுங்க சார், பொழுதுபோக்கு மாதிரி" என்றார். சரி என்றேன். அப்புறம் நோட்டீஸ் போர்டில் அஜெண்டாவைப் பார்த்தால், என் பேச்சுக்கு அடுத்த ஐட்டம் "சிறுவர்கள் தூண்டில் கம்பு வைத்திருப்பதைத் தடை செய்வது குறித்து". ஆகவே நான் பொழுதுபோக்குப் பேச்சாளரா, குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் மாதம் மொட்டை மாடியில் நான் பையன்கள் நாலு பேருக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தேன். நரம்பின் நுனியில் ஹூக் இல்லை, ஒரு ரப்பர் அழிப்பான் மட்டும். வாட்டர் டேங்க் பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதற்குள் விழவைக்க வேண்டும். ஒரு வாரத்தில் நாலு பேரும் என்னைவிட நன்றாக வீசினார்கள். மே மாத விடுமுறையில் ஒருநாள் காலை, வீட்டில் கிரிக்கெட் என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் கோவளம் போய்விட்டார்கள். முட்டுக்காட்டு உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு. என்னிடமும் சொல்லவில்லை.

எட்டரை மணிக்கு எனக்குப் போன். "அங்கிள், மீன் கைல குத்திடுச்சு. ரொம்ப அழறான்."

நான் காரில் போய்ச் சேர்ந்தபோது அவன் மணலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். கட்டைவிரலின் அடிச் சதையில் கெளுத்தி முள் இறங்கியிருந்தது. முக்கால் சாண் மீன். குத்திய வேகத்தில் மீன் கையிலேயே தொங்கியிருக்கிறது, மற்றவன் பிடித்து இழுத்துப் பிடுங்கியிருக்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கி, என் கைக்குட்டையில் சுற்றி, குத்திய இடத்தில் வைத்து அழுத்தினேன். சுளுக்குக்கு வைப்போமே, அதுபோல. வழி முழுக்கப் பையன் கத்திக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐஸை எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, தாங்குகிற சூட்டில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அதில் கையை முக்கவைத்தார். கால் மணி நேரத்தில் அவன் அழுகை விசும்பலாக இறங்கியது. எக்ஸ்ரேயில் முள்ளின் ஒரு துண்டு உள்ளே தெரிந்தது, எடுத்தார்கள். டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக். பத்து நாளில் கை சரியாகிவிட்டது. அவன் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், பெயர் சொல்லத் தேவையில்லை. இதைச் சொல்லலாம் என்று அவனும் அவன் அம்மாவும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் தூண்டிலை என் வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாள் நான் சொல்வது, நோட்டை எப்படி வேகமாக எண்ணுவது என்பதில்லை. கிழிந்த நோட்டு எது, கள்ள நோட்டு எது, கையில் வந்தால் என்ன செய்வது என்பதுதான். வேகம் தானாக வரும். அதே நான், மாடியில் இந்தப் பிள்ளைகளுக்கு வீசுவதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மீன் மாட்டியபின் என்ன என்பதைச் சொல்லவே இல்லை. அதனால் இன்று தலைகீழாக, மாட்டிய மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு சின்னக் குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். தமிழில் தூண்டிலில் இருப்பதும் முள், மீனில் இருப்பதும் முள். ஆகவே தூண்டிலில் இருப்பதை ஹூக் என்றே சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கரையிலும் கழியிலும் சின்னத் தூண்டிலுக்கு வரும் மீன்களில் நல்லவர் கிழங்கான். நீளமாக, உருண்டையாக, கூர்மூக்கோடு, மணல் நிறத்தில் இருக்கும். யாரையும் குத்தாது. வாய் மிகச் சிறியது. மண்ணில் இருக்கும் புழுவையும் சின்ன எறாவையும் பொறுக்கித் தின்னும். பயந்தால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். அடுத்து காரப்பொடி. தட்டையாக, வெள்ளிக் காசு போல, கையெல்லாம் கொழகொழ என்று ஆக்கிவிடும். வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் மாதிரி நீளும், பிள்ளைகள் அதைப் பார்த்தே அரை மணி போக்குவார்கள். அதன் தொண்டைக்குள் ஒளிவிடும் பாக்டீரியா குடியிருக்கிறது என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை. குழம்பு வைத்தால் அந்த வெளிச்சமெல்லாம் தெரியாது.

கீச்சான் என்று ஒன்று. முதுகில் வில் போல வளைந்த கறுப்புக் கோடுகள். வெளியே எடுத்தால் உறுமுவது போலச் சத்தம் போடும். அதன் செவுள் மூடியில் கத்தி முனை போல ஒரு முள் உண்டு. பிடியை இறுக்கினால் விரலைக் கீறிவிடும். விஷமில்லை, ஆனால் ரத்தம் வரும். தலைப்பக்கமிருந்து வாலை நோக்கிக் கையைத் தடவிக்கொண்டு போய் முதுகு முள்ளைப் படியவைத்துப் பிடிக்க வேண்டும்.

கெளுத்திக்கு இந்த வித்தை எதுவும் செல்லாது. முதுகில் ஒன்று, இரண்டு பக்கத் துடுப்பிலும் ஒவ்வொன்று, ஆக மூன்று முள். மூன்றையும் விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். ஓரத்தில் ரம்பம் போலப் பல், முள்ளைச் சுற்றி விஷத்தோல். செத்த கெளுத்தியின் முள்ளும் அப்படியே நிற்கும், அப்படியே குத்தும். மணலில் வீசிவிட்டு வந்தால் மறுநாள் வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைக்கு அது ஆணி. என் சட்டம் ஒன்றுதான்: மீசை வைத்த மீனைக் கையால் தொடாதே. தண்ணீரின் ஓரத்திலேயே, குறட்டால் ஹூக்கைப் பிடித்துத் திருகினால் விழுந்துவிடும். விழவில்லையா, நரம்பை வெட்டு. ஹூக் ஒன்று மூன்று ரூபாய்கூட இருக்காது. துண்டால் சுற்றிப் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். துண்டைத் தாண்டி இறங்கும்.

பேத்தை. தூக்கினால் காற்றை விழுங்கி வயிறு பந்தாகும். பல் கிளி மூக்கு மாதிரி, மெல்லிய நரம்பைக் கத்தரித்துவிடும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் இதன் ஈரல், சினை, தோல் எல்லாம் கொடிய விஷம், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. திரும்ப விட்டுவிட வேண்டும். நம் பேஸ்மென்ட் பூனைகளுக்குக்கூடப் போடக் கூடாது. ஏ பிளாக்கில் பூனைக்குச் சோறு வைக்கும் அம்மாவுக்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது, குத்திவிட்டால் என்ன செய்வது? ஐஸ் வேண்டாம், என் முட்டாள்தனத்தை நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம். கட்டுப் போட்டு இறுக்குவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மீன் விஷம் புரதம், சூட்டில் கெடும். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை முக்கிவைக்க வேண்டும். நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பிளாஸ்க்கில் இருக்கும் தண்ணீர் அதைவிட ரொம்பச் சூடு, அதை அப்படியே ஊற்றினால் கை வெந்துவிடும். மக்கில் பச்சைத் தண்ணீர் கலந்து, குத்துப்படாத பெரியவர் ஒருவர் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் கை உள்ளே போக வேண்டும். வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது. வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடவும் கூடாது. உள்ளே துண்டு இருக்கலாம், டெட்டனஸ் பார்க்க வேண்டும். நம்மில் சர்க்கரை உள்ளவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் கடல் தண்ணீர்க் காயத்தை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்தக் கூட்டத்தில் சர்க்கரை இல்லாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் எண்ணிவிடலாம்.

சரி, பயமுறுத்தியது போதும். இதில் அப்படி என்ன இருக்கிறது, அறுபது வயதுக்கு மேல் ஒருவன் விடியற்காலை எழுந்து ஓடுவதற்கு?

பெரிய மீன் பிடிப்பவர்கள் தடித்த கம்பு, கனமான ஈயம் வைத்திருப்பார்கள். ஐம்பது கிராம் கிழங்கான் அதில் கடித்தால் கம்புக்கே தெரியாது. நான் வைத்திருப்பது ஏழு அடிக் கம்பு, நுனி பென்சில் ரீஃபில் பருமன்தான். சின்ன ரீல். ஆறு பவுண்டு நரம்பு. நுனியில் பத்து கிராம் ஈயம், அதற்கு ஒரு சாண் மேலே ஒரு சின்னக் கிளை நரம்பு, அதில் பத்தாம் நம்பர் ஹூக். ஹூக்கில் நம்பர் ஏற ஏற அளவு சிறியது, கடைக்காரரிடம் பெரிய நம்பர் கேட்டுப் பெரிய ஹூக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஹூக் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கூர் நிற்கும், அதைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். சில மீன் நழுவும், நழுவட்டும். யாருடைய விரலிலாவது ஏறினாலும் அதே சுலபத்தில் வெளியே வரும்.

இரைக்கு ஐம்பது ரூபாய்க்குச் சின்ன எறா. தோல் உரித்து, முதல் நாள் இரவே கல்லுப்பு தூவிவைத்தால் சதை இறுகிவிடும், ஹூக்கிலிருந்து கழன்று போகாது. சுண்டுவிரல் நகத்தளவு போதும். எல்லாரும் செய்யும் தப்பு, பெரிய துண்டாக வைப்பது. சின்ன வாய்க்காரன் ஓரத்தைச் சுரண்டிவிட்டுப் போய்விடுவான், நீங்கள் மீனே இல்லை என்பீர்கள்.

எங்கே போடுவது என்பதை எனக்குக் கோவளத்தில் ஒரு வயதான மீனவர் சொன்னார். நான் பலம் கொண்ட மட்டும் அலைக்கு அப்பால் வீசிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், மீனு உங்க கால்கிட்ட இருக்குது, நீங்க அந்தமானுக்குப் போடுறீங்க" என்றார். அலை உடைகிற இடத்துக்கும் கரைக்கும் நடுவே ஒரு நீளப் பள்ளம் இருக்கும், தண்ணீர் அங்கே சற்று இருண்டு தெரியும். கிழங்கான் மேய்வது அதில்தான். அவர் ஒரு மரக்கட்டையில் சுற்றிய நரம்பை ஆள்காட்டி விரலில் வைத்துக்கொண்டு, கம்பு ரீல் எதுவும் இல்லாமல் எனக்கு எதிரிலேயே நாலு எடுத்தார். ஜப்பானில் பாறை இனத்துச் சின்ன மீன் ஒன்றுக்காகவே இறகு போன்ற கம்புகள் செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அவர் விரலை அவர்கள் பார்க்க வேண்டும்.

கடி எப்படி இருக்கும்? கிழங்கான் டொக் டொக் என்று இரண்டு தட்டு, யாரோ கதவை மெதுவாகத் தட்டுவது போல. அந்த நொடியில் வெடுக்கென்று இழுத்தால் போச்சு. கம்பை அரை அடி உயர்த்தினால் போதும், அது தானே மாட்டிக்கொள்ளும். கீச்சானுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது, ஒரே ஓட்டம். ரீலின் பிரேக்கை, கையால் இழுத்தால் நரம்பு வருகிற அளவுக்குத் தளர்த்தி வைத்திருந்தால் அறுபடாது. மடவை கூட்டம் கூட்டமாகக் கண்முன் துள்ளும், உங்கள் எறாவைத் திரும்பியும் பார்க்காது. அது பாசியும் சேற்றில் இருப்பதும் தின்பது. முதல் ஒரு வருடம் நான் அதன்பின்னால் அலைந்ததை என் மனைவியிடம் கேளுங்கள்.

கணக்குப் பிள்ளை புத்தி போகாது, நான் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். தேதி, ஏற்ற நேரம், என்ன மீன், எத்தனை. பாதி நாட்கள் பூஜ்யம். தினசரிக் காலண்டரே இதற்குப் பாதி வழி காட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது, ஓட்டம் வேகம். அஷ்டமி, நவமியில் ஓட்டம் குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்பார்கள், பிள்ளைகளைக் கழிக்குக் கூட்டிப் போக அதுதான் நல்ல நாள். ஏற்ற நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும், போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போனில் வராத ஒன்று இருக்கிறது. முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும்போது கழி முழுவதும் அந்தச் சின்ன வாய் வழியாகக் கடலுக்குப் போகும். மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும். மணல் திட்டின் ஓரம் காலடியில் கரையும். நம் பையன்கள் அன்று நின்ற இடம் அதுதான். கெளுத்தி முள்ளுக்காக நான் அன்று பதறினேன். ராத்திரி படுத்தபிறகுதான் அவர்கள் நின்ற இடம் ஞாபகம் வந்தது, தூக்கம் போயிற்று.

எதை எடுத்து வருவது, எதை விடுவது என்பதற்கு என் அளவு, என் உள்ளங்கையும் விரலும் சேர்ந்த நீளம். அதற்குக் குறைந்தால், கையை நனைத்துக்கொண்டு பிடித்துத் திரும்ப விடுவேன். உலர்ந்த கை மீனின் மேல் வழவழப்பை உரித்துவிடும். கொடுவாக் குஞ்சு எந்த அளவானாலும் விட்டுவிடுகிறேன். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகே பெண்ணாக மாறுகிற மீன். சின்னதிலேயே எடுத்துவிட்டால் முட்டை போட அம்மா எங்கிருந்து வரும்? அறுந்த நரம்பை மணலில் விடவே கூடாது. காக்கை கால், நாய் கால், நண்டு எல்லாம் அதில் மாட்டும். நான் பாக்கெட்டில் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டில் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறேன். கரைவலை இழுப்பவர்கள் இருந்தால் நம் தூண்டில் பைக்குள் போக வேண்டும். அது அவர்கள் பிழைப்பு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை.

லிஃப்ட்டில் மீன் வாசனை என்று வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று முறை புகார் வந்தது. மூன்றும் நான்தான், மன்னிக்கவும். இப்போது கடற்கரையிலேயே சுத்தம் செய்து, மூடிபோட்ட ஐஸ் டப்பாவில் கொண்டுவந்து, படிக்கட்டில் ஏறுகிறேன். நாலாவது மாடி, மூட்டு வலிக்கும் நல்லது.

இனி அடுத்த ஐட்டத்துக்கு வருகிறேன். தடை போட வேண்டும் என்கிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, அந்தக் காலைக்குப் பிறகு அது என் பயமும்கூட. ஆனால் கம்பை செக்யூரிட்டி கேட்டில் பிடுங்கிவைக்கலாம், கோவளத்துக்குப் போகிற சாலையைப் பிடுங்கிவைக்க முடியாது. இருநூறு ரூபாய்க்குக் கடற்கரையிலேயே நரம்பும் ஹூக்கும் வாங்கலாம். கிரிக்கெட் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள், தடை வந்தால் டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்போது குத்துப்பட்டால் எனக்குக்கூடப் போன் வராது.

அதனால் கமிட்டிக்கு ஒரு மாற்றுத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, நான் கூட்டிப் போகிறேன். பிள்ளை ஒன்றுக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், டிரைவர் வந்தால் செல்லாது. முகத்துவாரத்துக்குப் போவதில்லை, பாறை மேல் ஏறுவதில்லை, தண்ணீர் முழங்காலைத் தாண்டக் கூடாது. கம்பைத் தொடும் முன் ஐந்து மீன்களை, தொடக்கூடியது எது, தொடக்கூடாதது எது என்று சொல்லத் தெரிய வேண்டும். படம் போட்ட அட்டைகள் செய்துவைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் இந்த மேஜையில் பார்க்கலாம். இதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டுப் பிள்ளைக்கு நான் இனி மாடியில் ரப்பர் அழிப்பானைக்கூடக் கட்டித் தர மாட்டேன். கமிட்டி வேண்டாம் என்றால் சரி, நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

போன வாரம் அந்த அம்மா என் வீட்டு மணியை அடித்தார். "சார், அந்தத் தூண்டில் இன்னும் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, ரீலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். "அவனோட நானும் வரேன். ஆனா நான் மீனைத் தொட மாட்டேன்" என்றார்.

தீர்மானம் நிறைவேறினால், முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு இரண்டாவது கேட். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள செருப்போ ஷூவோ போட்டு வாருங்கள். தொப்பி, குடிதண்ணீர் அவரவர் பொறுப்பு. எறா, குறடு, வெந்நீர் பிளாஸ்க் மூன்றும் நான் கொண்டுவருகிறேன். பச்சைத் தண்ணீர் கலக்க ஒரு மக் யாராவது எடுத்து வாருங்கள், என்னிடம் இருந்தது உடைந்துவிட்டது.